ஒரே மாணவன், ஐந்து பாடம்: கணக்கு ஏறுகிறது, மற்றவை அசையவில்லை. என்ன செய்யலாம்?

பாரூர்_டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு டெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாலையில் ஒரு பையனுக்கு அவன் வீட்டிலேயே பாடம் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு, அரசுப் பள்ளி, தமிழ் வழி. ஐந்து பாடமும் நான்தான். தினம் ஒன்றரை மணி நேரம், ஞாயிறு விடுமுறை.

குடும்பம் வேப்பனஹள்ளிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு. அப்பா தக்காளி, மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். பையன் நல்லவன், சொன்ன வேலையைச் செய்துவிடுவான், கொஞ்சம் கூச்சம்.

ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வில் கணக்கில் 29 வாங்கியிருந்தான். இப்போது காலாண்டில் 62. அறிவியல் 41இலிருந்து 55. ஆனால் சமூக அறிவியல் 38இலிருந்து 40தான். ஆங்கிலமும் அப்படியே. தமிழில் ஒரு மார்க் குறைந்தே போயிருக்கிறது.

அப்பா கேட்கிறார்: "கணக்கே வந்துடுச்சே மேடம், வெறும் மனப்பாடப் பாடம் ஏன் வரல?" நியாயமான கேள்விதான். டவுனில் நாற்பது பேரை உட்காரவைத்து நடத்தும் ஒரு சென்டரில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறார். என் கேள்வி இரண்டு. ஒருவரே ஐந்து பாடமும் எடுப்பது சரியா? எடுத்தால், இருக்கிற ஒன்றரை மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கிருஷ்ணகிரி_மாம்பழம்
சமூகத்துக்கு ஒரு நல்ல கைடு வாங்கிக் கொடுங்க. புக் பேக் ஒன் மார்க் எல்லாம் மனப்பாடம், மேப் மனப்பாடம், காலக்கோடு மனப்பாடம். 60 வந்துடும். இதுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை.

தகடூரான்
மாம்பழம் அண்ணே, அந்தப் பையன் நாலு மாசமா அதைத்தானே செஞ்சிருப்பான். இரண்டு மார்க் ஏறியிருக்கு. இன்னும் அதையே செய்யச் சொல்றீங்க.

டீச்சர், அந்த அறிவியல் 14 மார்க் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் வந்த மார்க்கா, எழுத்தில் வந்த மார்க்கா? எழுத்து என்றால் இயற்பியலா, வேதியியலா, உயிரியலா?

பாரூர்_டீச்சர்
நல்ல கேள்வி. விடைத்தாளை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஏறியதில் பெரும்பகுதி இயற்பியல் கணக்குகள். உயிரியல் விடைகள் பழையபடிதான், பாதி எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறான்.

ஒளியியலில் ஒரு கணக்கு. குவிலென்ஸ், குவியத் தூரம் 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்தில், பிம்பம் எங்கே? 1/20இலிருந்து 1/30ஐக் கழிக்கவேண்டும். ஜூன் மாதத்தில் இதே மாதிரிக் கழித்தலுக்கு 1/10 என்று எழுதுகிற பையன் அவன். கீழே உள்ள எண்களையே கழித்துவிடுவான். பின்னத்துக்காகவே தனியாக உட்கார்ந்தோம். அறிவியல் புத்தகத்தைத் தொடவே இல்லை. காலாண்டில் 1/60 என்று கண்டுபிடித்து 60 செ.மீ. என்று அழகாக முடித்திருக்கிறான். ஓம் விதிக் கணக்கும் அப்படித்தான். சூத்திரத்தை இடமாற்றிப் போடத் தெரிந்ததும் மின்தடை தானாக வந்துவிட்டது.

பழைய_வாத்தியார்
அம்மா, இதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நான் பென்னாகரம் வட்டாரத்தில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மார்க் பட்டியலில் ஐந்து பாடம் இருக்கும். பையனுக்குள் ஐந்து தனித்தனிக் குறை இருக்காது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும், அது பல பாடங்களில் தலை காட்டும். பின்னம் என்ற ஒரு குறை கணக்கிலும் இருந்தது, இயற்பியலிலும் இருந்தது. சரிசெய்தீர்கள், இரண்டும் ஏறின. அப்படியானால் தமிழ், ஆங்கிலம், சமூகம், உயிரியல் நான்கும் ஏறாமல் நிற்பதற்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கவேண்டும்.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். சமூக அறிவியலில் அவன் இன்னும் படிக்காத ஒரு பக்கத்தை எடுங்கள். அவனையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். முடித்ததும் ஐந்து கேள்வி கேளுங்கள். அடுத்து அதே நீளத்தில் இன்னொரு பக்கம். இந்த முறை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும். அதற்கும் ஐந்து கேள்வி. கேட்டதற்குப் பதில் சொல்லி, வாசித்ததற்குச் சொல்லவில்லை என்றால் அவனுக்கு ஞாபகமும் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. வாசிப்புதான் இல்லை. இரண்டிலும் சொல்லவில்லை என்றால் விஷயம் வேறு, அப்போது பேசுவோம்.

கிருஷ்ணகிரி_மாம்பழம்
பத்தாம் வகுப்புப் பையனுக்கு வாசிக்கத் தெரியாதா? என்ன சார் இது.

பழைய_வாத்தியார்
எழுத்துக் கூட்டத் தெரியும். அது வேறு, வாசிப்பு வேறு தம்பி. ஒரு வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துபோகும். அப்படிப்பட்ட பையன் பின் பெஞ்சில் வாயைத் திறக்காமல் பத்தாவது வரை வந்துவிடுவான். நாற்பது பேர் வகுப்பில் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் தெரியும்.

பாரூர்_டீச்சர்
ஐயா சொன்னபடியே செய்தேன்.

அவன் வாசித்தது: விரலை வைத்துக்கொண்டு வாசிக்கிறான். நீளமான சொல் வந்தால் முதல் பாதியைப் படித்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். இரண்டு இடத்தில் வரி தாண்டிப் போய்விட்டான். ஐந்து கேள்வியில் ஒன்றுக்குத்தான் பதில்.

நான் வாசித்தது: ஐந்துக்கு நான்கு. ஒன்றுக்குத் தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழில் தேடினான்.

அப்புறம் எனக்கே ஒரு சந்தேகம் வந்து கணக்கிலும் பார்த்தேன். "செவ்வக நிலம் ஒன்றின் நீளம் அதன் அகலத்தைவிட 4 மீட்டர் அதிகம். பரப்பு 60 சதுர மீட்டர் எனில் நீளம், அகலம் காண்க." காகிதத்தில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு x² + 4x − 60 = 0 என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். உடனே காரணிப்படுத்தி 6, 10 என்றான். அதன்பின் இதே மாதிரி இன்னொரு கணக்கை வாயால் சொன்னேன். சமன்பாட்டை அவனே எழுதினான்! ஆக, 62க்கு மேல் கணக்கு ஏறாமல் நிற்கப்போவதும் இதனால்தான். வாக்கியக் கணக்கு எல்லாவற்றையும் தாளில் விட்டிருக்கிறான்.

ஓசூர்வாசி
இந்த இழையைப் படிக்கும்போது என் கதை மாதிரியே இருக்கிறது. சூளகிரிப் பக்கம் எங்கள் ஊர், வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ். பேச்சுத் தமிழ் வந்துவிடும், பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. புத்தகத் தமிழ்தான் வராது. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் பாடப்புத்தக நடை கஷ்டம்தான். ஆனால் அவனுக்கு வீட்டில் பாட்டி கதை, நியூஸ், கோயில் பாட்டு என்று எங்கிருந்தாவது காதில் விழுந்திருக்கும். எங்களுக்கு அது பள்ளி மணி அடித்ததும் முடிந்துவிடும்.

2006இல் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் வந்து, ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக 2015-16இல் பத்தாம் வகுப்பு வரை வந்தது. அதை ஒட்டி எங்கள் பக்கம் நடந்த வழக்கு, விலக்கு எல்லாம் தனிக் கதை, இங்கே வேண்டாம். சொல்ல வந்தது, ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளிப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர். மக்கு என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

டீச்சர், உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவனைத் தெலுங்கிலேயே முதலில் யோசித்துச் சொல்லவிடுங்கள். பிறகு தமிழில் சொல்லட்டும், அதன்பின் எழுதட்டும். என் அத்தை எனக்கு அப்படித்தான் செய்தார். முதல் படியைத் தாண்டி நேராக எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

பிஎட்_படிக்கிறேன்
அக்கா, தனியாக ஒருவருக்கு ஒருவர் கற்பிப்பது பற்றி எங்களுக்குப் பாடத்தில் வந்தது. பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984இல் எழுதிய கட்டுரை. தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவன், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்திவிட்டான் என்று அதில் இருக்கிறது. அதனால் அப்பாவிடம் சென்டர் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

தகடூரான்
தம்பி, அதை அப்படியே அப்பாவிடம் சொன்னால் "அப்ப 98 எங்கே?" என்று கேட்பார், டீச்சர் மாட்டிக்கொள்வார். அந்த ஆய்வில் தனிப் பயிற்சி மட்டும் இல்லை. ஒரு பகுதி முடிந்ததும் சின்னத் தேர்வு, தவறியதை மறுபடி கற்பித்தல், தேறியபின்தான் அடுத்த பகுதி என்ற கட்டுப்பாடும் சேர்ந்து இருந்தது. பின்னால் 2011இல் வான்லேன் என்பவர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். பலன் இருக்கிறது, ஆனால் புளூம் சொன்னதில் பாதிகூட இல்லை என்று வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் ஏறாது என்பதுதான் விஷயம். தேறாததைக் கண்டுபிடித்துத் திரும்ப எடுக்கவேண்டும். டீச்சர் பின்னத்தில் செய்தது அதுதான். சென்டரில் நாற்பது பேருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம், ஒரே டெஸ்ட். அங்கே போய் "எனக்கு வாசிக்க வராது" என்று இந்தப் பையன் கையைத் தூக்குவானா?

மண்டிக்காரன்
நானும் தொழில் செய்கிறவன்தான், அப்பா பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். மண்டி வைத்திருக்கிறவனுக்கு விடியற்காலை வேலை. ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு வேறொன்று. பிள்ளை என்ன படிக்கிறான் என்று உட்கார்ந்து பார்க்க நேரம் கிடையாது. மார்க் ஷீட்தான் அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு. டீச்சர் மாசம் ஒருமுறையாவது அவரிடம் என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டும். மார்க்கைச் சொல்லாமல், என்ன முடிந்தது என்ன முடியவில்லை என்று சொல்லவேண்டும்.

இன்னொன்று. அந்தப் பையன் மண்டியில் நிற்பானா? மாங்காய் சீசனில் எங்கள் வீட்டுப் பையன்கள் எல்லாம் மே, ஜூனில் அங்கேதான். கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும். நின்றிருந்தால் கமிஷன், கழிவு, கூலி எல்லாம் வாயாலேயே போடுவான்.

பாரூர்_டீச்சர்
அண்ணா, நிற்பான். அதுவும் எப்படி! இத்தனை கிரேட் பெட்டி, கிலோ இவ்வளவு, கமிஷன் போக விவசாயிக்கு எவ்வளவு என்று அப்பா கேட்டால் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறானாம். இவன்தான் ஒன்பதாவதில் 29 வாங்கியவன்.

பாலக்கோடு_அம்மா
நான் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. என் பெண்ணுக்கும் வீட்டு டியூஷன்தான் வைத்தோம். வந்தவர் கெட்டிக்காரர், ஆனால் தனக்குப் பிடித்த பாடத்தையே எடுத்துக்கொண்டிருந்தார். கணக்கில் 90, தமிழில் 48. கேட்டால் "தமிழ் அவளே படிச்சுக்குவா" என்றார். அதனால் எனக்கு இந்த இழையில் ஒரு பயம். வாசிப்பு வாசிப்பு என்று அதிலேயே நின்றுவிட்டால் மார்ச்சில் பரீட்சை யார் எழுதுவது? பத்தாவது பொதுத்தேர்வு. பாஸ் மார்க் 35 என்றாலும் எல்லாப் பாடத்திலும் வரவேண்டும். ஒன்றில் விட்டால் மற்ற நான்கும் நல்ல மார்க் வாங்கி என்ன பயன்?

சயின்ஸ் குரூப் கேட்பீர்களா, டிப்ளமோவா, ஐடிஐயா? அதைப் பொறுத்தும் நேரத்தைப் பிரிக்கவேண்டும் இல்லையா?

கிருஷ்ணகிரி_மாம்பழம்
அதைத்தான் நானும் சொல்றேன். முதலில் கரை சேரட்டும். கணக்கிலேயே பாருங்க, வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8. இரண்டுமே பழகினா வரும். அந்த 16, ஒன் மார்க் 14, ஆக 30. மேலே இரண்டு மூணு சின்னக் கணக்கு போட்டா பாஸ். இதே மாதிரி ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வழி இருக்கு.

பழைய_வாத்தியார்
மாம்பழம் தம்பி சொல்வதை நான் தள்ளமாட்டேன். நானே அப்படிப் பல பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன். ஆனால் அது பிப்ரவரி மாதத்து வைத்தியம். இப்போது காலாண்டுதான் முடிந்திருக்கிறது. இந்தப் பையன் 62 வாங்கிவிட்டான், அவனுக்கு 35க்கு வழி எதற்கு?

பாலக்கோடு அம்மா கவலை நியாயம். ஆனால் வாசிப்பை ஆறாவது பாடமாக வைக்கத் தேவையில்லை. சமூகப் புத்தகத்தையே வாசிப்புப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். பாடமும் முடியும், வாசிப்பும் வரும். தினம் ஒரே ஒரு பத்தி. முதலில் டீச்சர் வாசிக்கவேண்டும், இருவரும் சேர்ந்து வாசிக்கவேண்டும், பிறகு அவன் தனியாக. மறுநாள் பழைய பத்தியைத் திரும்ப வாசித்துவிட்டுப் புதியது. ஒரே பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்கும்போது அவன் வேகம் கூடுவது அவனுக்கே தெரியும். வேறு எந்தப் பாராட்டும் தேவைப்படாது.

எந்தப் பாடத்தில் தொடங்குவது என்றால் நம் ஊர் வருகிற இடத்தில். புவியியலில் தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள் பாடத்தில் பாரமஹால் பீடபூமி வரும். 350 மீட்டரிலிருந்து 710 மீட்டர் உயரம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதில் இருக்கின்றன என்று போட்டிருக்கும். பையன் நிற்கிற தரை அது. மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் பாறைக் குன்றைக் காட்டிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

தகடூரான்
ஐயா தொட்டுவிட்டார், இனி என்னை நிறுத்த முடியாது :)

வரலாற்றில் 1806 வேலூர்ப் புரட்சி வருகிறது. திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் ஏன் இருந்தார்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். ஆனால் கிருஷ்ணகிரிப் பையனுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. இந்தப் பாரமஹால் முழுக்கத் திப்புவிடம் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாதி நாட்டைக் கொடுத்தார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். நம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான். கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். பிற்காலத்தில் விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதற்கு ஒத்திகை நடந்த இடம் நம் ஊர்ப் பக்கம். பிறகு 1799இல் திப்பு இறந்தார், குடும்பத்தை வேலூருக்குக் கொண்டுபோனார்கள், 1806இல் சிப்பாய்கள் எழுந்தபோது அவர் மகனை அரசர் என்று அறிவித்தார்கள். இப்படிக் கோர்த்துச் சொன்னால் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

அப்புறம் 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். தலைமை தாங்கிய ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி. சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்தது தருமபுரி பக்கத்துப் பாப்பாரப்பட்டியில். அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் என்றால் தகடூர். தகடூர் என்றால் தருமபுரி. தமிழுக்கும் ஆச்சு, வரலாற்றுக்கும் ஆச்சு.

ஓசூர்வாசி
தகடூரான், மெதுவாக. பையன் ஒரு பத்தி வாசிக்கவே இப்போதுதான் தொடங்கியிருக்கிறான். நீங்கள் இருநூறு வருஷத்தையும் ஒரே மாலையில் இறக்கிவிட்டீர்கள்.

பிஎட்_படிக்கிறேன்
அறிவியலுக்கும் நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்லட்டுமா? ஃபுளூரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் போர்வெல் தண்ணீர் குடித்துப் பல் மஞ்சளாக, கறையாக இருப்பவர்கள் பல ஊரிலும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு போகக்கூடாது என்பது வரம்பு. இதை வைத்தே கரைசல்கள் பாடத்தின் செறிவுக் கணக்குப் போடலாம். ஒரு குடம் தண்ணீரில் எவ்வளவு, ஒரு நாளைக்குக் குடிப்பதில் எவ்வளவு என்று. தனிம வரிசை அட்டவணையில் ஃபுளூரின் இருக்கும் ஹாலஜன் தொகுதியும் வந்துவிடும், எலும்பு, பல் என்று உயிரியலும் வந்துவிடும்.

பாரூர்_டீச்சர்
தம்பி, இது அருமை. அவன் பாட்டிக்கு அந்தப் பல் கறை உண்டு. எடுத்த எடுப்பிலேயே கேட்பான்.

மண்டிக்காரன்
ஒரு சந்தேகம். பள்ளியில் அவனுக்கு எடுக்கிற டீச்சரையே மாலையில் டியூஷனுக்குக் கேட்கலாமே? அவருக்குத்தானே பையனைத் தெரியும்.

பழைய_வாத்தியார்
கேட்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவு, ஆசிரியர் யாரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் பள்ளி ஆசிரியரைப் போய்ப் பார்த்துப் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை. டீச்சர் ஒருமுறை அப்பாவோடு போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். வாசிப்பு விஷயத்தைச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருந்தாலே பாதி உதவி.

பாலக்கோடு_அம்மா
ஆங்கிலத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. அதுதான் என் வீட்டில் இரண்டு பேருக்கும் பிரச்சனை.

ஓசூர்வாசி
அம்மா, ஆங்கிலம் மெதுவாகத்தான் ஏறும், அதை அப்பாவிடம் முன்னாடியே சொல்லிவிடவேண்டும். தமிழ் வாசிப்பே தடுமாறுகிறவனுக்கு ஆங்கிலம் இந்த வருஷம் பெரிதாகப் பாயாது. தினம் பத்து நிமிடம், பாடப்புத்தகத் துணைக்கதையில் அரைப் பக்கம், அவ்வளவுதான். மனப்பாடச் செய்யுள், கடிதம், இலக்கணத்தில் நிச்சயம் வருகிற பகுதிகள், இதெல்லாம் மாம்பழம் சொன்ன வழியிலேயே போகலாம். இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் நான் அவர் கட்சி.

கிருஷ்ணகிரி_மாம்பழம்
கடைசியில ஒருத்தராவது ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

தகடூரான்
நேரப் பிரிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள் டீச்சர். திங்கள் முழுக்கக் கணக்கு, செவ்வாய் முழுக்க அறிவியல் என்று வைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும்போது பாதி போயிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று துண்டு. தொடக்கத்தில் வாசிப்பு, அப்போதுதான் மூளை களைக்காமல் இருக்கும். நடுவில் அன்றைய பெரிய பாடம். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு நேற்றும் போன வாரமும் படித்ததிலிருந்து கேள்விகள், பதில் வாயால். அந்தக் கேள்விகளில் கணக்கைக் கடைசியாக வைத்தால் அவன் சந்தோஷமாக எழுந்து போவான், அவனுக்கு வருகிற பாடம் அது. தினம் எல்லாப் பாடமும் தொடவேண்டும் என்பதில்லை, ஆனால் எதையும் மூன்று நாளுக்கு மேல் விடக்கூடாது.

பழைய_வாத்தியார்
எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து. உயிரியலுக்கு மட்டும் வாரம் ஒருநாள் வேறு யாராவது கிடைத்தால் வையுங்கள். கணிதம் படித்தவர் உயிரியலை ஒப்புக்கு எடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படம் வரைந்து பாகம் குறிப்பதோடு நிறுத்திவிடுவார்கள். உங்களைச் சொல்லவில்லை அம்மா, பொதுவாகச் சொல்கிறேன்.

பாரூர்_டீச்சர்
ஐயா, என்னையும் சேர்த்தே சொல்லலாம், தப்பில்லை. என் தோழி ஒருத்தி விலங்கியல் படித்தவள், சனிக்கிழமை வந்து போகச் சம்மதித்திருக்கிறாள்.

நேற்று அப்பாவிடம் பேசினேன். மண்டிக்காரர் அண்ணா சொன்னபடி மார்க் பேசவே இல்லை. பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நிலக் கணக்கை இரண்டு விதமாகக் காட்டினேன். காகிதத்தில் கொடுத்தபோது திணறியதையும், வாயால் சொன்னபோது போட்டதையும் அவரே பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கும் கோர்ட் நோட்டீஸ் வந்தா அப்படித்தான் மேடம், யாராவது படிச்சுச் சொல்லணும்" என்றார். சென்டர் பேச்சு அரையாண்டு வரை வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. அரையாண்டில் தமிழும் சமூகமும் ஏறவில்லை என்றால் அவர் இஷ்டம், நான் தடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது அவருக்கும் நியாயம், எனக்கும் நியாயம்.

இன்று பாரமஹால் பத்தியைத் தொடங்கினோம். முதல் தடவை வழக்கம்போல விரல் வைத்தான். நான்காவது தடவை விரல் இல்லை, ஆனால் "பீடபூமி"யில் நின்றான். தெலுங்கில் அவனே ஒரு விளக்கம் சொன்னான், அது சரியா என்று சொல்ல எனக்குத் தெலுங்கு போதவில்லை. ஓசூர்வாசி அண்ணா, சந்தேகம் வந்தால் உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பலாமா?

ஓசூர்வாசி
தாராளமாக அனுப்புங்கள் டீச்சர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்றால் உடனே பதில் வரும், அதற்கு முன்னால் ஷிப்ட்.

பாலக்கோடு_அம்மா
அரையாண்டு முடிந்ததும் இங்கேயே வந்து எழுதுங்கள், ஏறினாலும் ஏறாவிட்டாலும். என் சின்னவனுக்கு எட்டாவது. இன்று ராத்திரியே அவனை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.